வீட்டில் என்ன வேலை செய்வீர்கள்?

இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொன்னார் டாக்டர். அரை நிமிடத்துக்குள்ளாகவே வலது கட்டைவிரலிலும் அதற்கடுத்த இரண்டு விரல்களிலும் எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது. "மரத்துப் போகுதா?" என்றார். "ஆமா டாக்டர்." பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"வீட்டுல என்னம்மா வேலை செய்வீங்க?"

நான் சொன்னேன். காலையில் இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சமையல். தேங்காய் துருவுவது. மாமனாருக்குச் சர்க்கரை என்பதால் இரவு சப்பாத்தி. வாஷிங் மெஷின் இல்லை, அதனால் நாலு பேர் துணியைக் கையால் துவைத்துப் பிழிவது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிழிவது என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. "அதான்" என்றார். ஒரு மாதம் துணி பிழிய வேண்டாம், இரவில் மணிக்கட்டுப் பட்டை போட்டுக்கொண்டு தூங்குங்கள், தைராய்டு பார்த்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர். நிதானமாகப் பேசினார். ஆனால் வீட்டுக்கு வெளியே நான் என்ன செய்கிறேன் என்று கடைசிவரை கேட்கவில்லை. கையிலிருந்த ஓ.பி. சீட்டிலும் அதற்கு இடமில்லை. பெயர், வயது, க/பெ. அவ்வளவுதான்.

இது 2006இல். வீட்டுக்கு வெளியே நான் செய்துகொண்டிருந்தது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுவார்கள். அது சென்னையில் எங்கள் காதுக்கு வரும், நாங்கள் தட்டச்சு செய்து விடிவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். கூலி வரிக் கணக்கில். ஒரு வரி என்பது 65 எழுத்து. ஒரு ஷிப்டுக்கு 800 வரி எங்களுக்கு வைத்த இலக்கு. பெருக்கிப் பார்த்தால் 52,000 தட்டல்கள். தப்பாக அடித்து அழித்தவை இதில் சேராது. எங்கள் தளத்தில் பத்துப் பேர் உட்கார்ந்தால் எட்டுப் பேர் பெண்கள்.

டாக்டரின் குரலை நிறுத்தவும் ஓட்டவும் பின்னால் தள்ளவும் காலடியில் ஒரு பெடல் இருக்கும். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. நாற்காலியை உயர்த்தினால் விசைப்பலகை கைக்குச் சரியாக வரும், கால் பெடலுக்கு எட்டாது. தாழ்த்தினால் கால் எட்டும், தோள் காதுவரை ஏறி, மணிக்கட்டு மேல்நோக்கி முறித்துக்கொண்டு நிற்கும். கால் எட்டாவிட்டால் வரி ஓடாது. ஆகவே நான்கு வருடம் தாழ்த்தியே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு தோழி சொல்லிக் கொடுத்தாள், இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி அதன்மேல் பெடலை வைத்துக்கொள்ள. அதுவரை அந்த மேசையும் நாற்காலியும் யாருடைய உயரத்துக்காகச் செய்யப்பட்டவை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. குள்ளமாகப் பிறந்தது என் குறை என்றே நினைத்திருந்தேன்.

வேடிக்கை என்னவென்றால் என் நோயின் பெயரை எனக்குச் சொன்னவை அந்தப் பதிவுகள்தான். கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டில் எலும்புகளும் ஒரு தடித்த தசைநாரும் சேர்ந்து அமைத்திருக்கும் குறுகலான வழியாக ஒரு நரம்பும் ஒன்பது தசைநாண்களும் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் நெரிபடுவது நரம்பு. இரவில் எழுப்பும், கையை உதறினால் கொஞ்சம் அடங்கும். இதையெல்லாம் யாரோ ஒரு அமெரிக்கப் பெண்ணைப் பற்றி நான் எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். அந்த அறிக்கைகளில் பல, நோயாளியின் வயதுக்கு அடுத்தபடியாக அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதைச் சொல்லும். அதையும் நான்தான் அடித்தேன்.

மறுவாரம் சூப்பர்வைசரிடம் போய், ஒரு மாதத்துக்கு இலக்கைக் குறைத்துத் தரக் கேட்டேன். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "துணி பிழிய வேண்டாம்னுதானே எழுதியிருக்கார்?" என்றார். வீட்டில் என் மாமியார், "ராவும் பகலும் அந்தப் பொட்டியைத் தட்டிக்கிட்டே இருந்தா கை என்ன ஆகும்? நாங்க எல்லாம் துவைக்கலையா?" என்றார். இருவருமே பொய் சொல்லவில்லை. சூப்பர்வைசருக்கு என் கை வீட்டால் கெட்டது. மாமியாருக்கு என் கை ஆபீஸால் கெட்டது. இரண்டு பேருக்கும் நடுவில், யார் பொறுப்பும் இல்லாமல், மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொண்டு நின்றேன்.

இந்தக் கட்டுரை அந்த நடு இடத்தைப் பற்றியது.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் செய்யும் வீட்டு வேலையை ஒருவர் வேலை என்று ஒப்புக்கொண்டு, பட்டியலிட்டு, அது உடலை என்ன செய்யும் என்றும் யோசித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டைப் பார்த்துக்கொள்வது மட்டுமே செய்யும் பெண், வேலை செய்யாதவர்கள் பட்டியலில் வருகிறாள். 2010இல் சாலை விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டி, பிச்சை எடுப்பவர்களோடும் சிறைக்கைதிகளோடும் குடும்பத் தலைவியையும் ஒரே வகையில் சேர்த்து வைத்திருப்பதைக் கண்டித்தது. இறந்துபோன ஒரு பெண்ணின் வீட்டு உழைப்புக்கு என்ன விலை என்பதுதான் அந்த வழக்கு. 2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள் என்றது. ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ஒரு ஷிப்டில் பாதிக்கு மேல். இந்த ஐந்து மணி நேரத்துக்குக் கூலி கிடையாது, விடுப்பு கிடையாது. ஆனால் இன்னொரு இடத்தின் பொறுப்பைக் கழிக்க வேண்டி வரும்போது மட்டும் அது சட்டென்று வேலையாகிவிடுகிறது, அதுவும் கடுமையான வேலையாக. எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் அதுவரை என் வீட்டு வேலையைப் பற்றி விசாரித்ததில்லை. விசாரித்த அன்று அது அவர்களுக்கு லாபமாக இருந்தது.

டாக்டரின் கேள்வி தவறானதா என்றால், இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு கௌரவமான பரம்பரை இருக்கிறது. இத்தாலியில் மோடேனா நகரத்து மருத்துவரான பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1700இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரடீஸ் காலத்திலிருந்து வரும் கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சக மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். மலக்குழி அள்ளுபவர், குயவர், சுரங்கத் தொழிலாளி என்று போகும் அவருடைய வரிசையில் துணி துவைக்கும் பெண்களும், மருத்துவச்சிகளும், பிறர் குழந்தைக்குப் பாலூட்டும் பெண்களும் இருக்கிறார்கள். 1713இல் விரித்து வெளியிட்ட பதிப்பில் எழுத்தர்களைப் பற்றி எழுதினார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை எப்போதும் ஒரே திசையில் அசைவது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மனப் பதற்றம். இந்த மூன்றும்தான் அவர்களைக் கெடுக்கின்றன என்றார். முந்நூறு வருடத்துக்குப் பிறகும் இதில் சேர்க்க எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை, பெடலைத் தவிர. எழுதி எழுதி வலது கை செயலிழந்து, இடது கையால் எழுதப் பழகி, அதுவும் போய்விட்ட ஒருவரைப் பற்றியும் அதில் சொல்கிறார்.

ராமஸ்ஸினியின் கேள்வி, நோய்க்கான காரணத்தை உடலுக்கு வெளியே, உழைக்கும் இடத்தில் தேடச் சொன்ன கேள்வி. பின்னால் வந்த பலர் அதைத் திரும்பவும் உடலுக்குள்ளேயே, இன்னும் சொன்னால் மனத்துக்குள்ளேயே அனுப்பி வைத்தார்கள். பிரிட்டனில் தந்தி அடிப்பவர்களுக்கு வந்த கைப்பிடிப்பு 1908இல் இழப்பீட்டுக்குரிய நோய்ப் பட்டியலில் ஏறியது. உடனே, எத்தனை பேருக்குத்தான் வரும் என்று ஒரு குழு போட்டார்கள். 1911இல் அந்தக் குழு சொன்ன காரணங்கள் இரண்டு: திரும்பத் திரும்ப வரும் களைப்பு, பிறகு நரம்புத் தளர்ச்சியுள்ள சுபாவம். முதலாவது வேலையுடையது. இரண்டாவது ஆளுடையது. தந்தி நிலையங்களில் ஆண்கள், பெண்கள் இருபாலரும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலியை நம்பாமல் இருப்பதற்குப் பெண்ணாக இருப்பது மட்டும் தேவையில்லை, கூலிக்கு வேலை பார்ப்பவராக இருந்தாலே போதும். ஆனால் கூலிக்காரர் வலிக்கிறது என்று சொன்னதும் அவர்மீது வீசப்பட்ட சொல் மட்டும் நம்முடையதாக இருந்தது: பலவீனமான நரம்புக்காரர், உணர்ச்சிவசப்படுபவர்.

1980களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. அலுவலகங்களுக்குக் கணினி வந்த புதிது. தட்டச்சர்களும் தரவு உள்ளிடுபவர்களும் தொலைபேசி இணைப்பகத்துக்காரர்களும் கை வலியோடு பெருங்கூட்டமாக வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ஆர்.எஸ்.ஐ., அதாவது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயம் என்ற பெயர் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்ததாயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும், இது ஹிஸ்டீரியா என்று மனநல மருத்துவர்களே கட்டுரை எழுதினார்கள். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த வார்த்தை அது. மணிக்கட்டில் வந்த வலி எப்படியோ சுற்றிக் கருப்பைக்கு வந்துவிட்டது. 'கங்காருப் பாதம்' என்று கேலிப் பெயரும் வைத்தார்கள்.

இதையெல்லாம் படிக்கும் மாணவிகளுக்கு மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் எழுதிய நூல் நினைவுக்கு வரலாம். சொல்பவர் யார் என்பதைப் பார்த்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதும் ஓர் அநீதி, அறிவு சார்ந்த அநீதி என்பது அவருடைய வாதம். ஆஸ்திரேலியப் பெண்களுக்கு நடந்தது அதுதான். ஆனால் எனக்கு நடந்தது கொஞ்சம் வேறு. டாக்டர் என்னை நம்பினார். நான் சொன்ன துணியை, சப்பாத்தியை, தேங்காயை எல்லாம் அப்படியே நம்பினார். சூப்பர்வைசரும் நம்பினார். என் சாட்சியத்துக்கு மதிப்புக் குறையவே இல்லை. என் வாயிலிருந்து வந்த உண்மையையே எனக்கு எதிர்த்தரப்புச் சாட்சியாக நிறுத்தினார்கள். இதற்கு ஃப்ரிக்கர் ஏதாவது பெயர் வைத்திருக்கிறாரா என்று தேடினேன். கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் இதை 'வாயக் கொடுத்து மாட்டிக்கிறது' என்பார்கள்.

இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒரு பெரிய ரசாயன நிறுவனத்தில் செயலாளராக இருந்த பெண், தட்டச்சால் கையில் வந்த பிடிப்புக்கு இழப்பீடு கேட்டார். 1998இல் பிரபுக்கள் சபைவரை போய்த் தோற்றார். அதே நிறுவனத்தில் தட்டச்சு மட்டுமே செய்யும் பெண்களுக்கு இடையிடையே ஓய்வு எடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தார்கள். செயலாளர்களுக்குச் சொல்லவில்லை. ஏன் என்றால் செயலாளருக்குத் தட்டச்சோடு வேறு பல வேலைகளும் உண்டு, இடையிடையே அவற்றைச் செய்துகொள்ளலாம், ஆகவே தனியாக எச்சரிக்கத் தேவையில்லை. இந்த நியாயத்தை நீதிமன்றம் ஏற்றது. வலி உடலிலிருந்து வந்ததா மனத்திலிருந்து வந்ததா என்பதும் நிரூபிக்கப்படவில்லை என்றது. அந்தத் தீர்ப்பின் சட்ட நுணுக்கங்களை எடைபோட எனக்குத் தகுதியில்லை. என்னை நிறுத்தியது அந்த 'வேறு பல வேலைகள்' என்ற சொல்தான். போன் எடுப்பது, கோப்பு அடுக்குவது, பயண ஏற்பாடு செய்வது, வந்தவரைக் கவனிப்பது. ஒரு பெண்ணின் வேலை பல துண்டுகளாகச் சிதறியிருப்பது அவளுக்கு ஓய்வாகக் கணக்காகிறது. தட்டச்சை நிறுத்திவிட்டுக் கோப்பைத் தூக்கினால் இளைப்பாறினாள் என்று அர்த்தம். என் மாமியாரும் இதையேதான் சொல்வார், "ஆபீஸ்ல உக்காந்தே இருந்துட்டு வர்ற, கொஞ்சம் துவைச்சா உடம்புக்கு நல்லதுதானே" என்று.

சரி, எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். விசைப்பலகைதான் கார்ப்பல் டனலைக் கொண்டுவருகிறது என்று அடித்துச் சொல்ல முடியுமா? முடியாது. ஆய்வாளர்களுக்குள் இன்னமும் உடன்பாடு இல்லை. அதிர்வோடும் பலமான பிடியோடும் செய்யும் வேலைகளுக்கு இருக்கும் சான்று, தட்டச்சுக்கு அவ்வளவு வலுவாக இல்லை. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாக வருகிறது. கர்ப்பம், தைராய்டு, சர்க்கரை, மாதவிடாய் நிற்கும் காலம் எல்லாம் பங்கு வகிக்கின்றன. கட்டைவிரல் பக்கத்துத் தசைநாண் வீங்கும் இன்னொரு நோய், கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கித் தாய்மாருக்கு வருவது. ஒரு காலத்தில் ஆங்கில மருத்துவ நூலில் அதற்கு 'சலவைக்காரியின் சுளுக்கு' என்றே பெயர் இருந்தது. ஆகவே காரணம் தெரியாமல் ஒரு நிறுவனத்தின் தலையில் எப்படிப் பழி போடுவது என்ற கேள்வி நேர்மையான கேள்விதான்.

ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பொறுப்பேற்க வேண்டுமானால் நான் மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரே கிணற்றில் இரண்டு பங்காளிகள் ஆளுக்கொரு மோட்டார் வைத்து இறைப்பார்கள். சித்திரையில் கிணறு வற்றினால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். இவர் இறைத்தது இவ்வளவு, அவர் இறைத்தது இவ்வளவு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாதுதான். அதற்காக யாருமே இறைக்கவில்லை என்று ஆகிவிடுமா? இரண்டு பேருமே இறைத்தார்கள். மற்றவர் இறைப்பது தெரிந்தே இறைத்தார்கள் என்பது இன்னும் முக்கியம். பெண்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துக்கு அவர்கள் இன்னொரு ஷிப்ட் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று தெரியும். எங்களிடம் நேர்காணலிலேயே கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா, வீட்டில் உதவிக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டார்களே. களைத்த கை என்று தெரிந்தே வாங்கியவர்கள், அது ஏற்கெனவே களைத்துத்தான் இருந்தது என்று பிறகு சொல்லலாமா?

ஒரே காரணமாக இருக்க வேண்டும் என்று சட்டமும் எல்லா இடத்திலும் கேட்பதில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், 1923இல் வந்தது அது, காயம் வேலையினால், வேலையின்போது நேர்ந்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2012இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு லாரி ஓட்டுநரின் வழக்கு முடிந்தது. டெல்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனவர், வழியில் உடம்பு சரியில்லாமல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறந்துபோனார். விபத்து இல்லை. நீண்ட தூர ஓட்டத்தின் களைப்புக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்று இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். மிகச் சரியான தீர்ப்பு. அந்த மனிதருக்கு ஏற்கெனவே இதயத்தில் அடைப்பு இருந்திருக்கலாம், புகைப்பழக்கம் இருந்திருக்கலாம். வேலையும் அதில் சேர்ந்துகொண்டது என்பதே போதுமானதாக இருந்தது. அவர் வீட்டில் என்ன வேலை செய்வார் என்று யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

ஆகவே எனக்குள் ஒருவாறு ஒரு விடை வந்து சேர்ந்தது. காரணத்தைக் கண்டுபிடிப்பது மருத்துவத்தின் வேலை, அதற்கு எத்தனை காலமும் ஆகலாம். பொறுப்பு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கையால் பயனடைந்தவர்கள் யார் என்று கேட்டால் விடை உடனே கிடைக்கும். வரிகளை விற்றவர் பயனடைந்தார். சப்பாத்தியைத் தின்றவரும் பயனடைந்தார். இரண்டு பேரும் அவரவர் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும்: நாற்காலி மாற்ற வேண்டும், இலக்கைக் குறைக்க வேண்டும், வாளியைத் தூக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு நியாயம் கேட்கும் இடத்தில் என்னை வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை நிறுத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

என் அம்மா பீடி சுற்றியவர். ஆலங்குளம் பக்கம் எங்கள் தெருவில் பீடித் தட்டு இல்லாத வீடு கிடையாது. இலையைக் கத்தரித்து, தூளை வைத்து, உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனிக் கடையில் கழித்துப் போட்டது போக மிச்சத்துக்குத்தான் காசு. அம்மா பன்னிரண்டு வயதில் ஆரம்பித்து அறுபதுவரை சுற்றினார். என்னை அந்தத் தட்டுப் பக்கம் உட்கார விடவே இல்லை. பத்தாவது முடித்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்தார். லோயர், பிறகு ஹையர். நிமிடத்துக்கு 30 சொல், பிறகு 45. முதல் மாதச் சம்பளத்தை நான் அனுப்பியபோது, "எம் புள்ள கையி நோவாம சம்பாதிக்கா" என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதும் வரிக்கு இவ்வளவு என்பதும் ஒன்றுதான் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. அவருக்கு நான் அதைச் சொல்லவே இல்லை.

கை வலிக்கிறது என்று போனில் சொன்னபோது, "இருந்த இடத்துல இருந்து பாக்குத வேலைக்கு எப்படிட்டி கை வலிக்கும்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவும் அப்படிக் கேட்கலாமா என்று. பிறகு யோசித்தேன். அவரும் இருந்த இடத்தில் இருந்துதானே ஐம்பது வருடம் வேலை பார்த்தார்? தனக்கு வலித்ததை வலி என்று கணக்கில் எடுத்திருந்தால் இந்தக் கேள்வியை அவரால் கேட்டிருக்க முடியாது. அவர் விரல் மடங்கவில்லை என்று சொன்னபோதெல்லாம் நான் என்ன சொன்னேன்? "வயசாவுதுல்லாம்மா" என்றேன். இப்போது ரேஷன் கடையில் கருவிமேல் விரலை வைத்தால் அவருக்கு ரேகை விழுவதில்லை. துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்குக் கை சரியானது. முழுக்க இல்லை, தொண்ணூறு பங்கு. தூக்கத்தில் எழுப்புவதில்லை. எப்படிச் சரியானது என்றால், மணிக்கட்டுப் பட்டையாலும் டைரக்டரிகளாலும் கொஞ்சம். இலக்கைக் குறைக்கவில்லை, சப்பாத்தியை வீட்டில் வேறு யாரும் தேய்க்கவும் இல்லை. நான் ஓர் அக்காவை வேலைக்கு வைத்தேன். காலையில் வந்து துணி துவைத்து, பாத்திரம் தேய்த்து, மாலைக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டுப் போவார். என் சம்பளத்தில் சிறு பங்குதான் அதற்கு ஆனது. ஆபீஸோடும் வீட்டோடும் நான் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. என் கையில் இருந்ததை இன்னொரு கைக்கு மாற்றிவிட்டேன், அதற்குக் காசு கொடுத்தேன், எல்லோருக்கும் நிம்மதி. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007இல் ஒரு நலவாரியம் வந்திருக்கிறது என்பதுகூட எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். அக்காவை அதில் பதியச் சொன்னேனா? இல்லை.

வந்து மூன்றாவது வருடம் ஒரு நாள் காலையில் நான் ஷிப்ட் முடித்து வந்தபோது, அக்கா துணி ஊறிக்கொண்டிருந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையை உதறிக்கொண்டிருந்தார். அந்த உதறல் எனக்குத் தெரியும். உலகத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த அசைவு அது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லமா. ராத்திரி தூங்க விடமாட்டேங்குது. வெரலு மரத்துப் போவுது."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரலா, நடுவிரலா என்று விசாரித்தேன். புறங்கைகளை ஒட்டி வைக்கச் சொன்னேன். உண்மையான அக்கறையோடுதான் கேட்டேன். அவருக்கும் அது புரிந்தது. பிறகு, அந்த அக்கறையின் தொடர்ச்சியாகவே, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், என் வாயிலிருந்து அடுத்த கேள்வி வந்தது.

"எங்க வீடு போக இன்னும் எத்தனை வீட்ல வேலை செய்றீங்கக்கா?"

"நாலு வீடுமா."

"அதான்" என்றேன்.